நரி எந்த வழியாக வருகிறது? கொல்லைக்கோழி வளர்க்கத் தொடங்குவோருக்கு

காலையில் கூட்டைத் திறக்கிறீர்கள். நேற்று சாயங்காலம் எட்டு கோழி ஏறியது. இன்று ஆறுதான் இறங்குகிறது. வாசலில் நாலைந்து இறகு, வேலிப் பக்கமாக இன்னும் இரண்டு. கோழி வளர்க்கத் தொடங்குகிற பலரும் பாதுகாப்பைப் பற்றி முதன்முதலாக யோசிப்பது இப்படி ஒரு காலையில்தான். அந்த யோசனை ஒரு மாதம் முன்னாலேயே வந்துவிட்டால் அந்த இரண்டு உயிரும் மிஞ்சும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தைச் சுற்றிக் கிளுவை வேலி. கொறங்காடு என்கிற மானாவாரி மேய்ச்சல் நிலம் உள்ள ஊர்களில் கம்பி வேலி வருவதற்கு முன்பிருந்தே அதுதான் வேலி. முள்ளும் கிளையும் பின்னிக்கொண்டு, ஆடு மாடு தாண்ட முடியாதபடி நிற்கும். அந்த வேலியை நம்பி, அடை உட்கார்ந்த பெருவிடைக் கோழி (பெரிய உடம்புள்ள நாட்டுக்கோழி) ஒன்றை மாட்டுக்கொட்டகை மூலையில் கூடையில் வைத்திருந்தோம். 11 முட்டை. 18ஆம் நாள் காலையில் கூடையில் கோழி இல்லை, முட்டைகள் சில்லென்று கிடந்தன. இறகு விழுந்த வழியே போய்ப் பார்த்தால், வேலியின் அடியில் ஒரு சாண் அகலத்துக்கு மண் வழவழவென்று தேய்ந்திருந்தது. அதற்கு மேலே ஒரு முள்ளில் பழுப்பும் சாம்பலும் கலந்த நாலு முடி. ஒரே இரவில் மண் அப்படித் தேயாது. பல வாரங்களாகவே நரி அந்த வழியாகப் போய்வந்துகொண்டிருந்திருக்கிறது. தினமும் வேலியைத்தான் பார்த்தோம், அதன் அடியை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

கோழிப் பாதுகாப்பில் புதிதாக வருபவர் புரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். நரி கதவைத் தேடி வருவதில்லை. நாம் பார்க்காத இடுக்கைத் தேடி வருகிறது. ஒரு தடவை இரை கிடைத்த இடத்துக்கு மறுபடி மறுபடி வரும். ஆகவே நரியை எப்படி விரட்டுவது என்று யோசிப்பதைவிட, அது எந்த இடுக்கில் நுழையும் என்று யோசிப்பதுதான் கோழியைக் காப்பாற்றும்.

சரி, நரி என்று பொதுவாகச் சொல்கிறோமே, தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் இரண்டு விலங்கு இருக்கிறது. ஒன்று, இருட்டியதும் ஊளையிடுகிற நரி. மெலிந்த நாட்டு நாய் மாதிரி இருக்கும், எடை 8 முதல் 11 கிலோ. காடு, கரும்புத் தோட்டம், ஆற்றோரப் புதர், ஊருக்கு வெளியே குப்பை கொட்டும் இடம் என எங்கும் பிழைத்துக்கொள்ளும். இன்னொன்று வங்காநரி, குள்ளநரி என்றும் சொல்வார்கள், ஆனால் அந்தப் பெயரைப் பல ஊர்களில் இரண்டுக்குமே வைத்திருக்கிறார்கள். இது பூனையைவிடக் கொஞ்சம் பெரிது, 2 முதல் 3 கிலோ வரை இருக்கும். புசுபுசுவென்ற வால், வாலின் நுனி மட்டும் கறுப்பு. தரிசிலும் மேய்ச்சல் நிலத்திலும் வளை தோண்டி வாழும். எலி, கரையான், வெட்டுக்கிளி, நண்டு, இலந்தைப் பழம் எல்லாம் தின்னும். சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கலை ஒட்டி இதைப் பிடித்துவந்து ஊருக்குள் ஓடவிட்டு, அதன் முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்று நம்புகிற வழக்கம் உண்டு. வனத்துறை அதைத் தடுத்துவருகிறது. வங்காநரி குஞ்சையும் சின்னக் கோழியையும் எடுக்கும். ஆனால் பெரிய இழப்பு பெரும்பாலும் ஊளையிடும் நரியால்தான் வரும்.

இதை ஏன் இவ்வளவு பிரித்துச் சொல்கிறேன் என்றால், இணையத்தில் நரித் தடுப்பு என்று தேடினால் வருகிற காணொளிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்து, அமெரிக்காக்காரர்கள் எடுத்தவை. அங்கே எதிரி செந்நரி. அது தென்னிந்தியாவில் இல்லை. பகைவன் ஒரே குடும்பம் என்பதால் அவர்கள் சொல்வதில் பாதி நமக்கும் பொருந்தும். மீதிப் பாதிக்கு நம் ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்: கீரி, மரநாய், காட்டுப்பூனை, பாம்பு, தெருநாய். நரிக்கென்று மட்டும் கூடு கட்டினால் கீரி சிரமமில்லாமல் உள்ளே போய்விடும்.

நரி எப்போது வரும்? பொழுது சாய்கிற நேரமும் விடிகிற நேரமும் அதற்குப் பிடித்தவை, இடைப்பட்ட இரவு முழுவதும் அதற்குச் சொந்தம். ஆள் நடமாட்டம் குறைந்த தோட்டமென்றால் பட்டப்பகலிலும் வரும். கோடை தொடங்கும் மாதங்களில், வளையில் குட்டிகள் இருக்கும்போது, வரவு கூடும். தாய் தன் பசிக்கு மட்டும் வேட்டையாடுவதில்லை, வாயில் கவ்விக்கொண்டு போயாக வேண்டும். கோழி அதற்குத் தோதான எடை.

கோழியின் பக்கமும் ஒரு பலவீனம் இருக்கிறது. இருட்டினால் அதற்குக் கண் தெரியாது. மாலைக்கண் உள்ளவர் மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். பகலில் கையில் சிக்காத சேவலை ராத்திரியில் பரணிலிருந்து பூப் பறிப்பதுபோல் எடுக்கலாம் என்பது கோழி வளர்த்த எல்லோருக்கும் தெரியும். நமக்கு இருக்கிற அந்த வசதி நரிக்கும் இருக்கிறது.

கூட்டுக்குள் புகுந்த நரி ஒன்றைத் தின்ன வந்து ஆறைக் கொன்றுவிட்டுப் போவதும் இதனால்தான். 'வெறி பிடித்த நரி', 'வேண்டுமென்றே கொன்றது' என்றெல்லாம் சொல்வார்கள். ஹான்ஸ் குரூக் என்ற விலங்கியலாளர் 1972இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு நல்ல விளக்கம் இருக்கிறது. இங்கிலாந்துக் கடற்கரையில் கூட்டமாகக் கூடு கட்டும் கடற்காகங்கள் கும்மிருட்டு இரவுகளில் பறக்காமல் தரையிலேயே இருந்துவிடும். அந்த இரவுகளில் நரிகள் புகுந்து ஏராளமான பறவைகளைக் கொன்று, பெரும்பாலானவற்றைத் தின்னாமலே விட்டுப்போயின. சாதாரணமாக ஒன்றைப் பிடித்ததும் மற்றவை பறந்துவிடும், வேட்டை அதோடு முடியும். பறக்காமல் கண்முன்னே படபடத்துக்கொண்டே இருந்தால், பாய்ந்து கடிக்கிற உந்துதல் திரும்பத் திரும்ப எழும். அடைத்த கூடும் அப்படித்தான். ஓட வழியில்லாத பெட்டிக்குள் நரி நுழைந்துவிட்டால் அந்தக் கூடே கோழிகளுக்கு எமனாகிவிடும். அரைகுறையான கூடு கூடே இல்லாததைவிட மோசம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். வேப்ப மரத்தில் ஏறி அடைகிற சிறுவிடைக் கோழிக்காவது (சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழி) தப்பிக்க ஒரு வாய்ப்பு உண்டு.

இங்கே கோழியின் ரகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சிறுவிடை லேசான உடம்பு. முருங்கையோ கூரையோ எட்டிவிடும், குஞ்சுக்கு ஆபத்தென்றால் சீறும். ஹைதராபாத்தில் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்ற ரகங்கள் கொல்லையில் வளர்க்கவென்றே வந்தவைதான். ஆனால் வனராஜாவுக்கு உடம்பு கனம், அவ்வளவாகப் பறக்காது. அதோடு இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுகள், பருந்து நிழலைக் கண்டு பதுங்கக் கற்றுக்கொடுக்கத் தாய் கிடையாது. அவற்றை வாங்கியவர்கள் கூட்டுக்கு இரண்டு மடங்கு கவனம் கொடுக்க வேண்டும்.

யார் வந்தார்கள் என்று பார்ப்பது

கோழி போன காலையில் ஆத்திரத்தோடு கூட்டைக் கழுவிவிடாதீர்கள். முதலில் அரை மணி நேரம் தரையைப் பாருங்கள்.

கோழியே காணோம், இறகு மட்டும் ஒரு திசையில் சிதறி வேலிவரை போகிறது என்றால் நரியாகவோ காட்டுப்பூனையாகவோ இருக்கலாம். மண் ஈரமாக இருந்தால் தடம் கிடைக்கும். நரியின் தடம் நாயின் தடம் மாதிரியே இருக்கும், சற்று நீள்வாக்கில். கூர்ந்து பார்த்தால் நடுவிரல்கள் இரண்டின் திண்டும் அடியில் ஒட்டியிருப்பது தெரியும். நாய்க்கு அவை தனித்தனி. பூனைத் தடத்தில் நகம் பதியாது.

நாலைந்து கோழி கண்டபடி கிழிபட்டு, தின்னாமல் அங்கங்கே கிடந்தால் முதலில் தெருநாயைச் சந்தேகப்படுங்கள். நரி தலையில் விழுகிற பழியில் பெரும்பங்கு நாயுடையது. கழுத்திலோ தலையிலோ கடித்து, உடல் கூட்டுக்குள்ளேயே கிடந்தால் கீரி அல்லது மரநாய். கீரி பெரும்பாலும் பகலில் வரும், முட்டையையும் உடைத்துக் குடிக்கும். மரநாய் ராத்திரியில் மரம், கூரை வழியாக இறங்கும். ஓடுகூட மிஞ்சாமல் முட்டை மறைந்தாலோ, செத்த குஞ்சின் தலை எச்சில் பட்டு ஈரமாக இருந்தாலோ பாம்பு. பக்கத்தில் எங்காவது எலி வளையும் இருக்கும். வெட்டவெளியில் பகலில் குஞ்சு மட்டும் குறைந்தால் வானத்தைப் பாருங்கள். வல்லூறு, பருந்து, காகம் மூன்றுமே எடுக்கும்.

வந்தது யார் என்று தெரிந்தால் எந்த ஓட்டையை முதலில் அடைப்பது என்று தெரியும். மரநாய் எடுத்துக்கொண்டிருக்கும்போது வேலியடியில் கல் வைத்துப் பயனில்லை.

ராத்திரிக் கூடு

அந்தக் காலத்தில் ஐந்தாறு கோழிக்குப் பஞ்சாரம் போதும். மூங்கில் சிம்பால் முடைந்த பெரிய கூடையைக் கவிழ்த்து, மேலே அம்மிக்குழவியையோ கல்லையோ வைத்துவிடுவார்கள். அதைத் திண்ணையிலோ வீட்டு நடையிலோ வைத்ததுதான் விஷயம். பக்கத்தில் ஆள் படுத்திருந்தார். காவல் கூடையுடையது என்பதைவிட ஆளுடையது என்று சொல்லலாம். இன்று நாம் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறோம், கூடு தனியாகக் கொல்லையில் நிற்கிறது. ஆகவே ஆள் செய்த வேலையையும் சேர்த்துக் கூடு செய்ய வேண்டும்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது வலையில். கடையில் 'கோழி வலை' என்று கேட்டால் அறுகோணக் கண் உள்ள மெல்லிய கம்பி வலையைக் கொடுப்பார்கள். அந்தப் பெயரை நம்பாதீர்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். நாய் பல்லால் இழுத்தால் பிரிந்துவிடும், நரியும் பிரித்துவிடும். வாங்க வேண்டியது கம்பிகள் சந்திக்கிற இடமெல்லாம் பற்றவைத்த வெல்டு மெஷ். அதில் அரை அங்குலக் கண் உள்ளதைக் கேளுங்கள். கேஜ் எண் குறையக் குறையக் கம்பியின் தடிமன் கூடும். 18, 19 கேஜ் கிடைத்தால் நல்லது. ஒரு அங்குலக் கண் நரியைத் தடுக்கும், ஆனால் எலியும் சின்னப் பாம்பும் நுழையும். விலை அதிகம்தான். காசு பற்றாவிட்டால் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்காவது அரை அங்குல மெஷ், அதற்கு மேலே ஒரு அங்குல மெஷ் என்று பிரித்துக்கொள்ளலாம். வலையை ஆணி அடித்து வளைத்து நிறுத்தாமல், மரச்சட்டத்துக்கும் வலைக்கும் மேல் ஒரு பட்டை வைத்துத் திருகாணி முடுக்குங்கள். நரி வலையைக் கடித்து உள்ளே வருவதைவிட, வலை சட்டத்திலிருந்து விட்ட ஓரத்தை இழுத்துத்தான் உள்ளே வரும்.

அடுத்து தரை. மண்தரைக் கூடு என்றால் நரி பக்கவாட்டில் தோண்டும். இதற்கு இரண்டு வழி. சுற்றிலும் ஒரு அடி ஆழத்துக்கு வலையை மண்ணுக்குள் இறக்கலாம். அல்லது வலையை வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்குப் பாய் விரித்ததுபோல் தரையில் படுக்கவிட்டு, மேலே மண்ணோ கல்லோ போட்டு மூடலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது. நரி சுவரை ஒட்டியே தோண்டத் தொடங்கும், காலுக்குக் கீழே கம்பி தட்டும், வேறு இடத்தில் தோண்டும், அங்கேயும் கம்பி. இரண்டடி பின்னால் போய்த் தோண்டிவரலாம் என்ற கணக்கு அதற்குப் பெரும்பாலும் வராது. எங்கள் தோட்டத்தில் பாறைக்கல் அரை அடியிலேயே வந்துவிடுவதால் பள்ளம் தோண்டுகிற வேலையும் மிச்சம்.

இதைவிட நல்லது, முடிந்தால், கூட்டையே மூன்றடி உயரக் காலில் நிறுத்திவிடுவது. கீழே காற்றோட்டம் இருக்கும், எச்சம் கீழே விழும், எலி வளை பறிக்காது, அடியில் குனிந்து பார்ப்பதும் சுலபம். இரவில் மட்டும் அடைவதற்கு ஒரு கோழிக்கு ஒன்று முதல் ஒன்றரைச் சதுர அடி போதும். மேலே தகரமோ ஓடோ போட்டால் கூரைக்கும் சுவருக்கும் நடுவே விடுகிற இடைவெளியிலும் வலை வர வேண்டும், ஏனென்றால் மரநாய்க்கு அதுதான் வாசல். காற்று வேண்டும் என்பதற்காக அந்த இடைவெளியை விடுகிறோம். அது சரிதான், வலையோடு விட வேண்டும்.

அப்புறம் கதவு. கதவு நன்றாகவே இருக்கும், தாழ்ப்பாள்தான் கெடுக்கும். வெறும் கொக்கியை மூக்கால் தள்ளித் தூக்க விலங்குகளுக்குத் தெரியும். நாதாங்கியில் ஒரு கொண்டி, அதில் ஒரு பூட்டோ வளைத்த கம்பியோ மாட்டுங்கள். கதவின் அடியில் இரண்டு அங்குல இடுக்கு இருந்தால் கீரிக்குப் போதும். மழைக்கு மரம் ஊறி, வெயிலில் சுருங்கி, ஆறு மாதத்தில் இடுக்கு தானாக உண்டாகும். ஆகவே ஒருமுறை பார்த்தது போதாது.

இவ்வளவும் செய்த பிறகும் கோழி போகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் காரணம் ஒன்றுதான்: அன்றைக்கு அடைக்க நேரமாகிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனோம், வர எட்டு மணி ஆயிற்று என்பார்கள். கோழி ஆறரைக்கே ஏறிவிடும், கதவு திறந்தே கிடக்கும். வெளியூர் போகும் நாளில் கோழியை மதியமே உள்ளே தள்ளி அடைத்துவிடுங்கள், அல்லது பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பகலில்

பகலில் முழுப் பாதுகாப்பு என்று ஒன்று கிடையாது. மேய விட்டால் அந்த அளவுக்குத் துணிந்துதான் விடுகிறோம். ஆறடி உயர வலை வேலி, மேல் ஓரம் வெளிப்பக்கம் சாய்ந்ததாக இருந்தால் நரிக்கும் நாய்க்கும் சிரமம். வேலியை ஒட்டிப் புதர் மண்டாமல் வெட்டிவிடுங்கள். ஒளிய இடமில்லாத வெட்டவெளியைக் கடக்க நரி தயங்கும். அதே சமயம் நடுக்கொல்லையில் ஒன்றிரண்டு செடிக்கூட்டம் இருக்கட்டும், பருந்து வந்தால் குஞ்சு ஓடி ஒளிய அது வேண்டும்.

கினிக்கோழி நாலு வளர்த்தால் புது ஆள், புது நாய், பாம்பு எது வந்தாலும் ஊரைக் கூட்டிவிடும். அது காவல்காரன் அல்ல, மணி. மணி அடித்தால் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். நாய் வளர்ப்பது நல்ல காவல், குட்டியிலேயே கோழியோடு பழகியிருந்தால். பெரிதான பிறகு கொண்டுவந்த நாயைக் கோழியோடு தனியே விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள்.

செத்த கோழியையும் அறுத்த கழிவையும் வேலிக்கு வெளியே வீசுவது நரிக்கும் தெருநாய்க்கும் நாமே கொடுக்கிற அழைப்பு. இரண்டடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள். மிஞ்சிய தீவனத்தை ராத்திரி திறந்து வைக்காதீர்கள். தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும், எலி போட்ட வளையைக் கீரி பெரிதாக்கும்.

பளிச்சிடும் விளக்கு, கட்டித் தொங்கவிட்ட பாட்டில், பழைய சேலை, தலைமுடி எல்லாம் சில நாள் வேலை செய்யும். நரி அவற்றைத் தினமும் பார்க்கிறது, ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்ததும் பக்கத்தில் வந்துவிடும். கூட்டைச் சரிசெய்கிற வரையில் நாலு நாளை ஓட்ட அவை உதவும், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

செய்யக் கூடாதவை

கோழி போன கோபத்தில் பயிருக்குப் போடும் குருணைப் பூச்சிமருந்தைக் கறியில் கலந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதை நரி தின்பதற்கு முன் உங்கள் நாய் தின்னும், காகமும் மயிலும் கொத்தும், குழந்தை கையில் எடுக்கும். இரண்டு நரிகளுமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. விஷம், கண்ணி, அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) எல்லாமே குற்றம். திருச்சி அருகே 2021இல் இறைச்சிக்குள் நாட்டு வெடி வைத்து ஒரு நரியைக் கொன்றதற்காக 12 பேர் கைதானார்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நிலக்கடலைக் காட்டில் எலியைத் தின்று நமக்குக் கூலி வாங்காமல் வேலை செய்வதும் இதே நரிதான். என் கோழியைக் கொண்டுபோன நரியின் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. அதன் குட்டி வளையில் காத்திருந்தது, எங்கள் வேலியின் அடி திறந்திருந்தது.

வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அந்தக் கம்பியில் யானை செத்திருக்கிறது, மனிதர்களும் செத்திருக்கிறார்கள், பல சமயம் கம்பியைக் கட்டிய வீட்டுக்காரரே. துடிப்பு துடிப்பாக மின்சாரம் விடுகிற சூரிய மின்வேலிக் கருவி வேறு வகை, அது அதிர்ச்சி மட்டும் கொடுக்கும். காட்டை ஒட்டிய நிலமாக இருந்தால் அதைப் போடுவதற்கு முன் வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பட்டப்பகலில் ஆளைக் கண்டும் விலகாமல், தள்ளாடியோ எச்சில் ஒழுகவோ வருகிற நரியை வெறிநோய் கண்டதாகவே நினைத்து ஒதுங்குங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். கோழியை மீட்கிற வேகத்தில் கடியோ கீறலோ பட்டுவிட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் காயம் அல்ல அது.

கூடு கட்டி முடித்ததும் நாங்கள் செய்கிற ஒரு சோதனை இருக்கிறது. அமாவாசையை ஒட்டிய இருட்டில், கோழிகளை அதில் குடிவைப்பதற்கு முன், கூட்டுக்குள் ஒரு டார்ச் விளக்கை எரியவிட்டுக் கதவைச் சாத்துங்கள். பிறகு வெளியே தரையோடு தரையாகக் குனிந்து கூட்டைச் சுற்றி வாருங்கள். வலையின் வழியே வெளிச்சம் கட்டம் கட்டமாக வரும், அது பரவாயில்லை. கதவின் அடியில், சட்டம் சேருகிற மூலையில், கூரை ஓரத்தில் எங்கே வெளிச்சம் பட்டையாகக் கசிகிறதோ அங்கே விரலை விட்டுப் பாருங்கள். மூன்று விரல் சேர்ந்து நுழைந்தால் அன்றிரவு கோழியை அங்கே விடாதீர்கள், வீட்டு நடையில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்துக்கொண்டு காலையில் ஆணியோடு வாருங்கள்.